பூச்சாடியின் அடியில் என்ன இருக்கிறது?

கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுச் சோக்கேசில் பொன் வேலைப்பாடுள்ள ஒரு பூச்சாடி. கனடாவுக்குப் போகுமுன் சாமான்களை விற்கத் தொடங்கினார். பழைய பொருட்கள் வாங்க வந்த ஒருவர், "சும்மா சீனச் சாமான்" என்று சொற்ப விலை கேட்டார். அடுத்த நாள் வந்தவரோ, "மிங் காலத்தது, ஐந்நூறு வருசம்" என்றார். இருவருமே அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

கவிழ்த்ததும் முதலில் தேட வேண்டியது ஆங்கில எழுத்து. அமெரிக்காவின் மெக்கின்லி தீர்வைச் சட்டம் 1890இல் வந்தது. அங்கு இறக்குமதியாகும் பொருட்களில் உற்பத்தி நாட்டின் பெயர் 1891 முதல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதாயிற்று. 'சைனா', 'நிப்பொன்' என்ற சொற்கள் பரவலானது அதன் பிறகுதான். 1921 முதல் 'நிப்பொன்' போய் 'ஜப்பான்' வந்தது. 'ஒக்கியுபைட் ஜப்பான்' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள். ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சாடி பழையதாகிவிடாது. நொரிட்டாக்கே என்றதும் ஜப்பான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு நமது மாத்தளையிலேயே தொழிற்சாலை உண்டு.

சீன எழுத்து மட்டும் இருந்தால்தான் சிக்கல். வழமையாக ஆறு எழுத்துகள், இரண்டு நிரல்கள். வலது நிரலை மேலிருந்து கீழாக முதலில் வாசிக்க வேண்டும். கைகால் விரித்து நிற்கும் மனிதனைப் போன்ற முதல் எழுத்துக்கு 'மாபெரும்' என்று பொருள். அடுத்தது வம்சம், பின்னர் பேரரசரின் ஆட்சிப் பெயர், கடைசி இரண்டும் 'ஆட்சியில் செய்தது'.

அதை அப்படியே நம்ப முடியாது. செங்குவா (1465–1487) ஆட்சிப் பெயரை, இருநூறு ஆண்டுகள் கழித்து காங்சி (1662–1722) காலத்துக் கைவினைஞர்கள் இட்டார்கள். காங்சியின் பெயரை 19ஆம் நூற்றாண்டில் இட்டார்கள். பழைய வேலைப்பாட்டுக்குச் செய்த மரியாதை அதில் உண்டு, ஏமாற்றும் உண்டு. ஆகவே முத்திரை சொல்வது ஒன்றைத்தான்: சாடி அந்த ஆட்சிக்கு முந்தியதல்ல.

மிச்சத்தைப் பொருள்தான் சொல்ல வேண்டும். இருட்டறையில் உள்ளே டோர்ச் அடித்தால், மெல்லிய போர்சலின் வெளிச்சத்தைக் கசிய விடும்; ஜப்பானின் சட்சுமா வகை மண்சாடி விடாது. பூதக்கண்ணாடியில் சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு, கையால் தீட்டியதல்ல. அடிவளையத்தில் மெருகு படாத இடத்தில் மண்ணின் நிறமும் தெரியும். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் கிடைத்த சொங் காலச் சீன மட்பாண்டங்களையும், ஆய்வாளர்கள் மண், மெருகு, வடிவத்தைச் சீனச் சூளைகளில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டே இனங்கண்டார்கள்.

விலையை விட முக்கியமான காரணமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியதாகக் கருதப்படும் பொருள் தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 'மிங்' உண்மையானால் பெரியம்மாவுக்குக் கட்டுநாயக்காவில் பிரச்சினைதான்.

சாடியின் அடியில் ஒரு வட்டமும் அதற்குள் சிலுவையும் இருந்தன. அது சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம். பிற ஊர்ப் பட்டறைகளும் தாராளமாகப் பயன்படுத்தியது. செய்தவர் பெயர் எதுவும் இல்லை. கீழே, கழுவிக் கழுவி மங்கிய 'மேட் இன் ஜப்பான்'.

பெரியம்மா அதை விற்கவில்லை. துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.