உணரி சரி, பலகை சரி, தரவு எங்கே? ஆர்டுயினோவுக்கும் கணினிக்கும் இடையிலான பிழைகளைக் கண்டறிதல்

பாடசாலைக் கண்காட்சிக்கோ பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்கோ ஆர்டுயினோ பலகையைப் பயன்படுத்தும் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றனர். பலகையில் விளக்கு மினுங்குகிறது. ஆனால் கணினியிலுள்ள செய்நிரலுக்குத் தரவு வருவதில்லை. வந்தாலும் புரியாத குறியீடுகளாக வருகின்றது. உடனே உணரி பழுதென முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்குகின்றனர். பணம் போகிறது, பிழை அப்படியே இருக்கிறது.

முதலில் பாதையை இரண்டாகப் பிரியுங்கள்

உணரியிலிருந்து பலகை வரை ஒரு பாதி. பலகையிலிருந்து செய்நிரல் வரை மறு பாதி. ஆர்டுயினோ மென்பொருளிலுள்ள சீரியல் மொனிட்டரைத் திறந்து பாருங்கள். அங்கே எண்கள் ஒழுங்காக வந்தால் உணரி, இணைப்புக் கம்பிகள், யூஎஸ்பி கேபிள் ஆகிய மூன்றும் சரி. இனித் தேட வேண்டியது உங்கள் பைத்தன் அல்லது புரொசெசிங் செய்நிரலில் மட்டுமே.

போர்ட் தென்படவில்லையா?

கேபிளை மாற்றிப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சிஎச்340 சில்லு உள்ளது. அதற்குரிய ட்ரைவரைத் தனியே நிறுவ வேண்டி வரலாம்.

போர்ட் தெரிந்தும் திறக்க மறுக்கிறதா? ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே பயன்படுத்த வேண்டும். சீரியல் மொனிட்டரை மூடிவிட்டு உங்கள் செய்நிரலை இயக்குங்கள்.

வேகம் பொருந்த வேண்டும்

பலகையில் 9600 எனக் குறிப்பிட்டுவிட்டுக் கணினியில் 115200 எனத் திறந்தால் குப்பை எழுத்துகளே வரும். இரு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும்.

எண்ணா, எழுத்தா?

பிரிண்ட் கட்டளை 523 என்ற பெறுமானத்தை 5, 2, 3 என மூன்று எழுத்துகளாக அனுப்புகிறது. ரைட் கட்டளையோ ஒரேயொரு பைட்டை அனுப்புகிறது. ஒரு பைட்டில் 255 வரை மட்டுமே அடங்கும் என்பதால் 523 என்பது 11 ஆக வந்து சேரும். அனலொக் உணரிகள் ஊனோ பலகையில் 0 முதல் 1023 வரை பெறுமானம் தருவதால் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

பல உணரிகள் இருப்பின் பெறுமானங்களைக் கமாவால் பிரித்து, இறுதியில் பிரிண்ட்எல்என் மூலம் வரியை முடியுங்கள். கணினிப் பக்கம் முழு வரியாக வாசித்து, வரிமுடிவுக் குறிகளை நீக்கி, கமாவில் பிரித்து, எதிர்பார்த்த எண்ணிக்கை வந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே எண்ணாக மாற்றுங்கள். முதல் வரி அரைகுறையாக வரலாம். அதைத் தள்ளிவிடுவதே நல்லது.

தொடக்கத்தில் மட்டும் மௌனமா?

கணினி போர்ட்டைத் திறக்கும்போது ஊனோ பலகை மீளத் தொடங்குகிறது. அதற்குள் நீங்கள் அனுப்பும் கட்டளை தொலைந்துபோகும். போர்ட்டைத் திறந்தபின் சுமார் 2 செக்கன்கள் காத்திருங்கள்.

பழைய தரவு காட்டுகிறதா?

உணரியின் முன் கையை நீட்டிச் சில செக்கன்களின் பின்னரே திரையில் மாற்றம் தெரிந்தால், பலகை அனுப்பும் வேகத்துக்குச் செய்நிரல் வாசிக்கவில்லை என்று பொருள். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் செக்கனுக்கு 960 எழுத்துகள் போகும். வரிக்கு 8 எழுத்துகள் என்றால் 120 வரிகள். செய்நிரல் 30 வரிகளையே வாசித்தால் மிகுதி வரிசையில் தேங்கும். பலகையில் 50 மில்லிசெக்கன் இடைவெளி விடுங்கள். செக்கனுக்கு 20 வரிகளுக்கு மேல் போகாது.

கம்பிகளையும் பாருங்கள்

ஊனோவின் 0, 1 ஆம் முனைகள் யூஎஸ்பி தொடர்பாடலுக்கும் பயன்படுபவை. அவற்றில் எதையும் இணைக்காதீர்கள். உணரிக்குத் தனி மின்வழங்கி கொடுத்திருந்தால் அதன் கிரவுண்டைப் பலகையின் கிரவுண்டுடன் இணைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு சோதனை. உணரியைக் கழற்றிவிட்டு, பலகையிலிருந்து 100 என்ற எண்ணை மட்டும் தொடர்ந்து அனுப்புங்கள். அது செய்நிரலில் சரியாகத் தெரிந்த பின்னரே உணரியைச் சந்தேகியுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.