நீராகாரம்

நீராகாரம் என்பது வடித்த சோற்றில் இரவில் நீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் அந்நீரைப் பிரித்தெடுத்துப் பருகும் புளித்த பானம் ஆகும். காப்பியும் தேநீரும் பரவுவதற்கு முன்பு, தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களில் பருகப்பட்ட முதன்மையான காலைப் பானங்களுள் இதுவும் ஒன்று. காப்பியைச் சாராமல் காலையில் சுறுசுறுப்புடன் இருக்க விரும்புவோரிடையே இது மீண்டும் கவனம் பெற்றுள்ளது.

பெயர்

நீர், ஆகாரம் (உணவு) ஆகிய இரு சொற்கள் சேர்ந்து நீராகாரம் ஆயிற்று. பேச்சு வழக்கில் இது நீச்சத்தண்ணி எனப்படுகிறது. நீரில் ஊறிய சோறு பழையது, பழைய சோறு, பழஞ்சோறு என்று அழைக்கப்படுகிறது. சோறு வெந்தவுடன் வடித்தெடுக்கப்படும் கஞ்சி புளிக்காதது. அது வடிகஞ்சி எனப்படும். நீராகாரம் அதனின்றும் வேறானது.

செய்முறை

இரவு உணவுக்குப் பின் எஞ்சிய சோறு ஆறியதும், அது மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி மூடி வைக்கப்படுகிறது. மண்பானை இதற்கு ஏற்றது. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் பானை குளிர்ச்சியாக இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நீர் இலேசாகப் புளிக்கும். காலையில் நீரை இறுத்து, உப்பும் சிறிது மோரும் சேர்த்துப் பருகுவர். சோற்றைப் பிசைந்து சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மோர் மிளகாய், மாவடு, முந்தைய நாளின் சுண்டிய குழம்பு ஆகியவற்றுடன் உண்பர்.

பச்சரிசிச் சோறு விரைவில் குழைந்துவிடும் என்பதால் புழுங்கல் அரிசியே விரும்பப்படுகிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1-இன் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் செல்வதால், புழுங்கல் அரிசியில் அச்சத்து கூடுதலாக எஞ்சுகிறது.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. நடவு, களை பறித்தல், அறுவடை ஆகிய வேலைகள் வெயில் ஏறுமுன் தொடங்குகின்றன. விடியலில் அடுப்பு மூட்டாமலேயே உண்ணக்கூடியதாக இருந்ததால், பழையது இவ்வேலை முறைக்குப் பொருந்தியது. வியர்வையால் இழக்கும் நீரையும் உப்பையும் நீராகாரம் ஈடுசெய்தது.

இப்பகுதியின் மரபு நெல் வகைகளுள் ஒன்றான மாப்பிள்ளைச் சம்பா, உடல் வலிமை தருவது என்ற நம்பிக்கையால் அப்பெயர் பெற்றது என்பர். திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் (இறப்பு: 2018) 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டுப் பரப்பினார். இம்முயற்சிக்குப் பின் பழையதுக்கும் மரபு அரிசிகள் பயன்படுத்தப்படுகின்றன.

காப்பியின் வருகை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி தமிழ் நடுத்தர வகுப்பினரிடையே பரவியது. நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டதைக் கண்டித்து அக்காலத்தில் பலர் எழுதினர். இம்மாற்றத்தை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூலின் தலைப்புக் கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். காப்பி விருந்தோம்பலுக்கும் மதிப்புக்கும் அடையாளமாயிற்று. கும்பகோணம் டிகிரி காப்பி தனிப்புகழ் பெற்றது. பழையதோ உழைப்பாளர்களின் உணவாகவும் வறுமையின் அடையாளமாகவும் கருதப்படலாயிற்று. சத்துக் குறைவால் அன்றி, சமூக மதிப்பு மாறியதாலேயே இது பல வீடுகளில் கைவிடப்பட்டது.

விழிப்பும் ஆற்றலும்

காப்பியும் நீராகாரமும் உடலில் செயற்படும் விதங்கள் வேறு. விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து தூக்க உணர்வை உண்டாக்குகிறது. காப்பியிலுள்ள காஃபீன், அடினோசின் செயற்படும் இடங்களை மறித்து அவ்வுணர்வை மறைக்கிறது. அது உடலுக்கு ஆற்றலை அளிப்பதில்லை. பெரியவர்களின் உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலையில் பருகும் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் காலையிலும் சோர்வை உண்டாக்கக்கூடும்.

நீராகாரத்தில் காஃபீன் இல்லை. அது தருவது நீர், உப்பு, சிறிதளவு மாச்சத்து ஆகியவையே. உழைப்புக்கான ஆற்றல் பெரும்பாலும் சோற்றிலிருந்தே கிடைக்கிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கிலோகலோரி உள்ளது. பழையதை மிகுதியாக உண்டால் மந்தமும் தூக்கமும் வரும் என்பது பரவலான அனுபவம். எனவே அமர்ந்து வேலை செய்வோருக்கு உழவரின் அளவு பொருந்தாது.

எந்தப் பானமும் போதிய தூக்கத்துக்கு ஈடாகாது. விழித்தவுடன் தோன்றும் மந்தநிலை பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானே விலகும். காலை வெளிச்சமும் நடையும் விழிப்புக்குத் துணைசெய்கின்றன. விடியலில் வயலுக்குச் சென்றவர்களுக்கு இவ்விரண்டும் இயல்பாகவே கிடைத்தன. காப்பியைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் தோன்றலாம். படிப்படியாகக் குறைத்தால் இவை தணியும்.

புளித்தலின் அறிவியல்

லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றிலுள்ள சர்க்கரைகளை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்புச் சுவைக்கு இதுவே காரணம். பழையதில் இரும்புச்சத்து பன்மடங்கு பெருகுவதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. இரும்பு ஒரு தனிமம் ஆதலால் புளித்தலால் புதிதாக உருவாக முடியாது. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் சிதைவதால், ஏற்கெனவே உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கக்கூடும் என்பதே பொருத்தமான விளக்கம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்கள் தொடர்பாகப் பழைய சோறு ஆராயப்பட்டுள்ளது.

எச்சரிக்கைகள்

பாசிலசு சீரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் அழிவதில்லை. நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும் சோற்றில் இவை பெருகி வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே சோற்றை விரைவில் ஆறவைத்து அன்றிரவே தூய நீர் ஊற்ற வேண்டும். கெட்ட நாற்றமோ வழுவழுப்போ இருந்தால் கொட்டிவிட வேண்டும். நீரிழிவு நோயாளர்கள் சோற்றின் அளவையும், உயர் இரத்த அழுத்தம் உடையோர் உப்பின் அளவையும் கவனிக்க வேண்டும்.

பிற பகுதிகளில்

கேரளத்தில் பழங்கஞ்சி, ஆந்திரத்தில் சத்தன்னம், ஒடிசாவில் பகாளா, வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத் என இதையொத்த உணவுகள் உள்ளன. 2021-இல் ஆஸ்திரேலியாவின் மாஸ்டர்செஃப் தொலைக்காட்சிப் போட்டியின் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத்தைத் தழுவிய உணவைப் படைத்தார்.

இவற்றையும் பார்க்க

கஞ்சி
கூழ்
புழுங்கல் அரிசி
கும்பகோணம் டிகிரி காப்பி