விண்தொலைநோக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருள் – புனே

விண்தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை நேரம் பார்க்க வேண்டும், பார்த்ததில் எதைப் பூமிக்கு அனுப்ப வேண்டும் என்று நடத்துவது கட்டுப்பாட்டு மென்பொருள். தொலைநோக்கியை ஏவுவதற்கு முன்பே அந்த மென்பொருளைத் தரையில் ஓட்டிப் பார்ப்பது சிமுலேஷன். இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று புனே. ஊரின் கேம்ப் பகுதிக் கடைத்தெருக்களிலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் போனால் கணேஷ்கிண்ட் பல்கலைக்கழக வளாகம் வரும். ஜயந்த் நாரளீகர் முதல் இயக்குநராக இருந்து 1988இல் உருவாக்கிய அயூகா என்ற வானியல் ஆய்வு மையமும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய வானொலி வானியற்பியல் மையமும் அங்கேதான் இருக்கின்றன.

பழக்கம் தரையில் தொடங்கியது. ஊட்டி மலைச்சரிவில் 1970இல் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியை அமைத்தார். தலா 45 மீட்டர் விட்டத்தில் 30 தட்டுகள். அவை பரவியிருப்பதோ ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்துக்கு. அத்தனையையும் ஒரே அறையிலிருந்து ஒருசேரத் திருப்பிப் பழகிய வானொலி மையம், அடுத்து ஸ்கா என்ற பன்னாட்டு வானொலித் தொலைநோக்கியின் மேலாண்மை மென்பொருளை வடிவமைக்கும் பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றது. அந்த வேலை 2018இல் முடிந்தது.

தரைத் தொலைநோக்கி மக்கர் செய்தால் ஜீப்பில் ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஹபிள் விண்தொலைநோக்கியின் ஆடிக் குறையைக்கூட 1993இல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிக்கட்டினார்கள். சில நூறு கிலோமீட்டர் உயரம்தானே. அதைத் தாண்டிவிட்டால் எழுதிய நிரல்தான் துணை. 2021இல் கிளம்பிய ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி தன் அவதானிப்புகளை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களால் நடத்துகிறது. இணையப் பக்கத்தில் பட்டனை அசைக்கும் அதே மொழிதான்! வழிகாட்டி விண்மீன் சிக்காவிட்டால் தரையின் உத்தரவுக்குக் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அயூகாவின் விண்வெளி அனுபவம் 2015 செப்டம்பர் 28இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கியால் கூடியது. அதிலிருந்த சிஇசட்டிஐ எக்ஸ்கதிர்க் கருவியின் செயல்பாட்டு மையம் இங்கேதான் அமைந்தது. கருவி இயக்கப்பட்ட முதல் நாளே, அக்டோபர் 6இல், ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது.

ஆனால் உண்மையான பரீட்சை சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1தான். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த இந்த விண்கலம் 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுற்றுப்பாதையைச் சேர்ந்தது. அதன் ஏழு கருவிகளில் ஒன்றான சூட், அயூகா தலைமையில் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவானது. சூரியனை 200 முதல் 400 நானோமீட்டர் புற ஊதாவில், 11 வடிப்பான்கள் வழியே படமெடுக்கும்.

அவ்வளவு தூரத்துக்கும் சமிக்ஞை ஐந்தே விநாடியில் போய்விடும். ஆகவே சமிக்ஞைத் தாமதம் பெரிய சிக்கல் இல்லை, அனுப்ப வேண்டிய தரவின் அளவுதான் சிக்கல். சூட்டின் சிசிடி 4096க்கு 4096. ஒரு படத்தில் 1.67 கோடிக்கு மேல் புள்ளிகள். எல்லாப் படங்களையும் முழுசாக அனுப்பக் கட்டுப்படியாகாது. அதே சமயம் சூரியத் தீப்பிழம்பு சொல்லிவிட்டு வருவதில்லை. தரையில் ஒருவர் பார்த்துக் கட்டளை தட்டுவதற்குள் உச்சம் கடந்துவிடும்.

ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பைக் கருவியிடமே விட்டார்கள். அதே கலத்திலுள்ள சோலெக்ஸ், ஹீலியோஸ் ஆகிய எக்ஸ்கதிர்க் கருவிகள் தீப்பிழம்பு தொடங்கியதைச் சொல்லும். எந்த இடத்தில் என்று அவற்றுக்குத் தெரியாது. சூட் தன் படத்தில் பளிச்சென்று எழும் இடத்தைத் தேடி, அதைச் சுற்றி 704க்கு 704 கட்டம் போடும். முழுப் படத்தில் அது மூன்று விழுக்காடுகூடத் தேறாது. சூரியன் சுழலச் சுழலக் கட்டமும் நகரும். ஒளி ஏற ஏறத் திறப்பு நேரம் குறையும், இல்லாவிட்டால் படம் வெளுத்துப்போகும். இதில் கட்டம் போடும் இடம் தவறினால் மற்றவை சரியாக நடந்தும் பயனில்லை.

சூட் 2023 நவம்பர் 20இல் இயக்கப்பட்டது; முதல் முழுவட்டப் படங்கள் டிசம்பரில் வெளியாயின. 2024 பிப்ரவரி 22இல் எழுந்த எக்ஸ்6.3 தீப்பிழம்பு அதன் கண்ணில் பட்டது.