ஸ்பார்க் பிளக் கொடுத்துத் தோற்றவர்



சென்ற இதழில் போடி ரயில் பாதையின் கதையை எழுதியிருந்தேன். லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் பார்த்தபோது பலர் அதைப் பற்றிப் பேசினீர்கள். நன்றி. இந்த முறை தண்டவாளத்தை விட்டு வானத்துக்குப் போகிறோம். "தேனியில் விமான நிலையமே கிடையாது, இவர் எதற்கு விமானக் கதை சொல்கிறார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குக் காரணம் நம் குடியிருப்புப் பையன் ஒருவன்தான்.

பொங்கல் விழாவில் சிறுவர்களுக்கான வினாடி வினாவை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். "இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் யார்?" என்று கேட்டேன். "ஜே.ஆர்.டி. டாட்டா!" என்று ஒரு பையன் சட்டென்று சொல்லிவிட்டான். சரியான விடை. அந்த உரிமம் அவருக்குக் கிடைத்தது 1929 பிப்ரவரி 10 அன்று. பரிசை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான். "தாத்தா, அவர் பிளேன் ரேஸ்ல ஜெயிச்சிருக்காரா?" என்றான். "ஒரு பெரிய ரேஸ்ல தோத்திருக்கார்ப்பா" என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. கூட்டத்தில் முழுக் கதையையும் சொல்ல நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஆகா கான் அறிவித்த பரிசு

1929 நவம்பரில் ஆகா கான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி முதலில் பயணத்தை முடிக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு. அங்கிருந்து இங்கே வரலாம், இங்கிருந்து அங்கே போகலாம். ஆனால் புறப்பட்ட நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்.

வங்கியில் உட்கார்ந்த கைக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. அப்போது ஒரு ரூபாயின் மாற்று மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதன்படி 500 பவுண்டு என்பது 6,666 ரூபாய் 10 அணா 8 பை. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆனாலும் அந்தப் பயணத்துக்கு அது ஈடாகாது. லண்டனில் இருந்து கராச்சிக்கு ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். நடுவே ஐரோப்பிய மலைகள், மத்தியதரைக் கடல், அரபுப் பாலைவனம், பாரசீக வளைகுடாக் கரை எல்லாம் இருக்கின்றன.

விமானமும் நாம் மதுரையில் ஏறுகிற விமானம் போல இல்லை. போட்டியில் இறங்கியவர்கள் ஓட்டியது ஜிப்ஸி மாத். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய விமானம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரட்டை இறக்கைகள். விமானியின் தலைக்கு மேல் கூரை கிடையாது. காற்றும் மழையும் முகத்தில் அறையும். ரேடியோ இல்லை. திசைகாட்டியையும் வரைபடத்தையும், கீழே தெரியும் கடற்கரையையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். வேகம் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் கம்பம் கணவாய் வழியாக வரும் காற்றில் நம் பால்கனித் துணிகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட காற்றில் இந்த மாதிரி விமானத்தை நினைத்துப் பாருங்கள்.

களத்தில் மூவர்

முதலாமவர் மன்மோகன் சிங், ராவல்பிண்டிக்காரர். (நம் முன்னாள் பிரதமர் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.) தன் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் 'மிஸ்' என்றால் செல்வி என்றும் பொருள், தவறவிடுதல் என்றும் பொருள். "பெயருக்கு ஏற்றபடி இந்தியாவைத் தவறவிட்டாலும் விடுவார்" என்று லண்டனில் கேலி செய்தார்கள்.

இரண்டாமவர் ஆஸ்பி இன்ஜினியர், கராச்சியில் வளர்ந்த பார்சிப் பையன். பையன் என்று சொல்வது சும்மா இல்லை, அப்போது அவருக்கு வயது 17. அதே 1930இன் மார்ச் மாதத்தில் ஆர்.என். சாவ்லா என்பவரோடு சேர்ந்து கராச்சியில் இருந்து இங்கிலாந்துக்குப் பறந்து போயிருந்தார். இப்போது தனியாக வீடு திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் பயணத்தையே போட்டிப் பயணமாக வைத்துக்கொண்டு, ஏப்ரல் இறுதியில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் இருந்து கிளம்பினார்.

மூன்றாமவர் ஜே.ஆர்.டி. டாட்டா, வயது 25. இவர் எதிர்த்திசையில், மே 3 அன்று கராச்சியில் இருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார்.

இது விசித்திரமான பந்தயம். ஒருவர் தேனியில் இருந்து மதுரைக்கும் இன்னொருவர் மதுரையில் இருந்து தேனிக்கும் ஒரே சமயத்தில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் எங்கோ உசிலம்பட்டிப் பக்கம் எதிரெதிரே பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? இங்கேயும் அப்படித்தான் நடந்தது. அந்த உசிலம்பட்டியின் பெயர் அபூகிர். எகிப்தில் அலெக்சாண்டிரியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அபூகிரில் நடந்தது

ஜே.ஆர்.டி. அபூகிரில் இறங்கியபோது அங்கே இன்னொரு ஜிப்ஸி மாத் நிற்பதைப் பார்த்தார். விசாரித்தால் ஆஸ்பியின் விமானம். எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கோளாறு. மாற்றிப் போட ஆஸ்பியிடம் பிளக் இல்லை. அது வந்து சேரும்வரை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம்மில் ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளக்கில் கரி பிடித்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அதனால் டிக்கியில் ஒரு பிளக் எப்போதும் இருக்கும். ஜிப்ஸி மாத் எஞ்சினில் நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக்குகள். ஜே.ஆர்.டி. மாற்று பிளக்குகளோடு வந்திருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஜே.ஆர்.டி. பொய் சொல்ல வேண்டியதில்லை, ஏமாற்ற வேண்டியதில்லை. "நல்லது தம்பி, வருகிறேன்" என்று பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பியிருந்தால் போதும். விதிப்படி ஒரு தவறும் இல்லை. அவருக்கு முன்னே இன்னும் கடல் தாண்டும் பயணம் இருந்தது. தன் எஞ்சினுக்கே அந்தப் பிளக் தேவைப்படலாம் என்று நினைத்திருந்தாலும் நியாயம்தான்.

அவர் பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. கடலில் விழுந்தால் மிதக்க உதவும் தன் உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றி ஜே.ஆர்.டி.யிடம் கொடுத்தார். கடலைத் தாண்ட வேண்டியவர் இனி ஜே.ஆர்.டி.தானே! பிறகு ஒருவர் கிழக்கே பறந்தார், மற்றவர் மேற்கே பறந்தார்.

மே 11 அன்று ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். மே 12 அன்று ஜே.ஆர்.டி. கிராய்டனில் இறங்கினார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. நாள் கணக்குப் பார்த்தால் ஆஸ்பிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, ஜே.ஆர்.டி.க்கு ஒன்பதே நாள்தான். ஆனால் பரிசு வேகத்துக்கு இல்லை, முதலில் முடிப்பவருக்கு. ஜே.ஆர்.டி. அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அந்த வெற்றி ஆஸ்பி விமானப்படையில் சேர உதவியது என்பதில் தனக்கு மகிழ்ச்சி என்று பின்னாளில் சொன்னார். அந்தப் பையன்தான் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படைத் தளபதியாக இருந்த ஏர் மார்ஷல் ஆஸ்பி இன்ஜினியர்.

கெடு தாண்டியவர்

மன்மோகன் சிங் என்ன ஆனார்? அவர் இந்தியாவைத் தவறவிடவில்லை. ஆஸ்பிக்கு முன்பே தனியாகப் பறந்து வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் வழியில் ஐரோப்பாவில் பழுதாகி இறங்க நேர்ந்ததில் நாட்கள் போய்விட்டன. ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டதால் பரிசு இல்லை. இரண்டாம் உலகப்போரில் நீரில் இறங்கும் விமானங்களின் விமானியாகப் பணிபுரிந்து, 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் உயிரிழந்தார்.

இவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். 1990களில் நம் பள்ளத்தாக்கில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். வட்டிச் சலுகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் நனைந்த வேட்டியோடு வந்தார். "நேத்து மழையில பஸ் வரல சார்" என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினேன். அவர் சண்டை போடவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் மேலாளர் கேள்விப்பட்டு, "வாங்கி வச்சுட்டு, மழையால தாமதம்னு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கலாமே" என்றார். மேலிடம் ஒப்புக்கொண்டிருக்குமா என்பது வேறு விஷயம். எனக்கு அது தோன்றவே இல்லை. விதி என் பக்கம்தான் இருந்தது. என் மேசை டிராயரில் ஒரு பிளக்கும் இருந்தது.

தபால் தமிழ்நாட்டுக்கு வந்தது

தோற்ற ஜே.ஆர்.டி. விமானத்தை விட்டுவிடவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறிய புஸ் மாத் விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். பம்பாயில் இருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் என்ற அவருடைய கூட்டாளி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். லண்டன் கடிதம் ஒன்று சென்னையில் இறங்கி, ரயிலில் மதுரைக்கு வந்து, 1928இல் திறந்த நம் போடி ரயிலில் ஏறி, ஏலக்காய் வியாபாரி ஒருவர் கைக்கு முன்னைவிடச் சீக்கிரம் வந்து சேரும் வழி அன்று பிறந்தது.

அந்தப் பயணத்தின் பொன்விழாவுக்கு, 1982 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து பம்பாய்க்கு மறுபடியும் சிறிய விமானம் ஒன்றைத் தனியாக ஓட்டி வந்தார். அப்போது அவருக்கு வயது 78. முழங்கால் வலி என்று மொட்டை மாடி நடையை நிறுத்திவிட்ட என் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசோடு இன்னொரு பரிசையும் சேர்க்கலாம். கோலப் போட்டியில் பக்கத்துக் கட்டத்துக்காரருக்குக் கலர் பொடி தீர்ந்துபோனால் தன் பொடியைக் கொடுப்பவர், சைக்கிள் போட்டியில் செயின் கழன்ற பிள்ளைக்கு நின்று மாட்டிவிடுகிற பிள்ளை, இப்படி யாராவது ஒருவருக்கு. 'ஸ்பார்க் பிளக் பரிசு' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆகா கான் மாதிரி 500 பவுண்டு கொடுக்க ஓய்வூதியக்காரனால் முடியாது. 500 ரூபாய் என் பங்கு. பொருளாளர் ரசீது போட்டு வைக்கவும்.