ஜெனே உறுப்பு: உண்ணியின் முட்டையும் ஒரு நூற்றாண்டுத் தேடலும்

முட்டையிடும் பெண் உண்ணியை உருப்பெருக்கியின்கீழ்க் காண்பவர்க்கு ஒரு முரண் புலப்படும். பிறப்புத்துளை உடலின் அடிப்புறத்தில், கால்களுக்கு இடையே அமைந்துள்ளது. முட்டைகளோ வாயுறுப்புக்குப் பின்னால், முதுகின் முன்விளிம்பின்மேல் குவிகின்றன. உண்ணி வாய்வழியே முட்டையிடுகிறதோ என்று கருத இடமுண்டு.

இம்முரணுக்கு விடையளித்த உறுப்பு, தூரின் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஜூசெப்பே ஜெனேயின் பெயரைத் தாங்குகிறது. உண்ணிகள் பற்றிய அவரது ஆய்வுரை 1848இல் தூரின் அறிவியற் கழக வெளியீட்டில் அச்சேறியது. முதுகுத் தகட்டுக்கும் வாயுறுப்புப் பகுதிக்கும் இடையிலுள்ள மடிப்பிலிருந்து, உடலுட்பாய்மத்தின் அழுத்தத்தால் மென்மையான பை ஒன்று வெளியே பிதுங்குகிறது. அதே வேளையில் வாயுறுப்பு கீழ்நோக்கி வளைந்து பிறப்புத்துளையை நெருங்குகிறது. வெளிவரும் முட்டையைப் பை பற்றி, அதன்மேல் தன் சுரப்பைப் பூசி, முதுகுப்புறம் சேர்க்கிறது. பின்னர் உள்ளே சுருங்கி, அடுத்த முட்டைக்காக மீண்டும் வெளிப்படுகிறது. கடின உண்ணிகளில் இச்செயல் சில ஆயிரம் முறை நிகழ்கிறது. அத்துடன் தாயின் வாழ்வும் முடிகிறது.

இனப்பெருக்கப் பாதையின் ஏனைய பகுதிகள் பிற கணுக்காலிகளை அறிந்தவர்க்குப் புதியன அல்ல: குதிரைலாட வடிவிலான ஒற்றைச் சூலகம், இரு சூல்நாளங்கள், கருப்பை, யோனி. ஜெனே உறுப்போ அப்பாதையோடு இணையாதது. ஆயினும் அது செயற்படாவிடில் முட்டையிடுதல் நிறைவுறாது.

உண்ணி முட்டையின் முக்கியத்துவத்தை உலகறியச் செய்தது வேறோர் ஆய்வு. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நலமாயிருக்க, அவை கடந்த நிலங்களில் மேய்ந்த வடபகுதி மாடுகள் டெக்சாஸ் காய்ச்சலால் மடிந்தன. 1893இல் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் அதற்கான விடையை வெளியிட்டனர். மாட்டு உண்ணி தன் வாழ்நாளை ஒரே மாட்டின்மேல் கழித்து, தரையில் விழுந்து முட்டையிட்டு இறக்கிறது. அம்முட்டைகளிலிருந்து பொரித்த இளவுயிரிகளை நலமான மாடுகளின்மேல் விட்டபோது அவை நோயுற்றன. ஒட்டுண்ணி தாயிடமிருந்து முட்டைவழியே அடுத்த தலைமுறையை அடைந்திருந்தது.

அவ்வாறாயின், நோயைச் சுமக்கும் அச்சிறு முட்டை திறந்த நிலத்தில் வாரக்கணக்கில் உலராமல் நிலைப்பது எங்ஙனம்? 1948இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லீஸ், பீமென்ட் ஆகியோர் இதனைச் சோதனைவழி விளக்கினர். ஜெனே உறுப்பு பூசுவது நீர்புகா மெழுகு. அப்பூச்சினைப் பெறாத முட்டைகள் உலர்காற்றில் விரைந்து நீரிழந்து சுருங்கின. உறுப்பின் இயக்கம் கண்ணுக்குப் புலனாகி ஏறத்தாழ நூறாண்டு கடந்த பின்னரே அதன் பயன் இவ்வாறு ஐயமற நிறுவப்பட்டது. உறுப்பின் வடிவை விளக்க உருப்பெருக்கி போதுமானதாயிருந்தது. பயனை விளக்க, முட்டை இழக்கும் நீரை அளந்தறிய வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றின் பொருள் இந்தியத் தொழுவங்களில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. இங்குப் பரவலாயுள்ள மாட்டு உண்ணி, டெக்சாஸ் உண்ணியின் நெருங்கிய உறவினம். பபேசியா ஒட்டுண்ணியை முட்டைவழியே கடத்துவது. மாட்டின் உடலில் தெளிக்கும் மருந்து, ஏற்கெனவே தரைக்கு இறங்கிய தாயைத் தொடுவதில்லை. அது சுவர் வெடிப்பிலும் எருக்குப்பையிலும் ஒதுங்கி, ஒவ்வொரு முட்டைக்கும் மெழுகிட்ட பின்னரே மடிகிறது. ஆகவே மாட்டைக் கழுவிய கை, தொழுவத்தின் வெடிப்புகளையும் அடைக்க வேண்டியிருக்கிறது.