காசிக்குப் போகும் வழியும் தங்குமிடமும்

எழுபத்து நான்கு வயதான என் தாயாருக்குக் காசிக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். சென்ற ஆண்டு அதற்கான ஏற்பாடுகளை விசாரிக்கத் தொடங்கினேன். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கொடுத்த நிரலில் ஐந்து இரவுகளும் பதினோரு தலங்களும் இருந்தன. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதிலே எங்கே உட்காருவது?" என்று ஒரே கேள்வி கேட்டார். அக்கேள்வியோடுதான் பழைய வழிப்பயணங்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் போனேன்.

வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தது தமிழ். ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்பவன், அவ்வழியே தானே நடந்து போய்த் திரும்பியவன். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. அதில் பெரும்பகுதி நன்னனின் புகழ் பற்றியதன்று. அவனிடம் போய்ச் சேரும் வழி பற்றியது. பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும், தினைப்புனம் காப்போரின் கவண்கல் எங்கே வரும், இரவில் எந்தக் குகையில் தங்கலாம், யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். நடப்பவரின் காலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி அது.

பிற்காலத்தில் இந்த அக்கறை பாதையோரக் கட்டடங்களாகவும் உருப்பெற்றது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் இரண்டாம் சரபோசி எழுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு, சத்திர நிர்வாகம் தம்மிடமே இருக்க வேண்டும் என்று வேண்டி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் இவ்வரலாற்றில் மிக முக்கியமான ஆவணம். சத்திரங்களில் மருத்துவர் இருப்பதையும், வழியில் நோயுற்று வருவோருக்கு மருந்தும் பத்திய உணவும் குணமாகும்வரை அளிக்கப்படுவதையும் அக்கடிதம் விவரிக்கிறது. சத்திரங்கள் சாதி வேற்றுமைக்கு அப்பாற்பட்டு இயங்கின என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாத்திரை செல்பவர் நோயுறுவார் என்பதை அந்த ஏற்பாடு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருந்தது. நோயுற்றவரின் யாத்திரை அங்கே முடிந்துவிடவில்லை. சில நாள் தாமதப்பட்டது, அவ்வளவே.

தனிமனிதர் ஒருவர் திட்டமிட்ட பயணத்துக்குச் சிறந்த சான்று ஏனுகுல வீராசாமி அய்யரின் காசி யாத்திரை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், ஏறத்தாழ ஐம்பது வயதில், 1830 மே மாதம் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். குடும்பத்தினர், பணியாளர், பல்லக்குத் தூக்குவோர் என்று ஏறக்குறைய நூறு பேர் உடன் சென்றனர். ஐதராபாத், நாகபுரி வழியாகப் போய், கல்கத்தா, பூரி வழியாக வந்தார்கள். அவர் தெலுங்கில் எழுதிய குறிப்புகள் 1838-இல் நூலாயின. அந்நூலில் தல மகிமைக்கு நிகரான இடம் தங்குமிடங்களுக்கும் உண்டு. அடுத்த ஊர் எவ்வளவு தூரம், தண்ணீர் நல்லதா, கடைகள் உண்டா, ஆற்றைக் கடப்பது எப்படி என்று பின்னால் வருபவருக்காக எழுதிவைத்தார். அவரும் ஓர் ஆற்றுப்படைக்காரர்தாம்.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இரயில் ஓடியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மாதக்கணக்கான வழி நாள்கணக்காயிற்று. நடக்க முடியாதவருக்கும் காசி எட்டக்கூடியதாயிற்று என்பது சிறிய நன்மையன்று. ஆனால் வழியில் தங்குவது என்பதே இல்லாமற்போயிற்று. தங்கல் இனிப் போய்ச் சேரும் இடத்தில் மட்டுமே. நகரத்தார் 1863-இல் காசியில் நிறுவிய சத்திரம், அந்தத் தூரத்து ஊரில் தமிழருக்குக் கிடைத்த வீடு.

அண்மைக் காலத்தில் அரசுகளும் இப்பணியில் இறங்கியுள்ளன. மத்தியப் பிரதேச அரசு முதியோருக்கான தீர்த்த யாத்திரைத் திட்டத்தை 2012-இல் தொடங்கியபோது, முதல் இரயில் இராமேசுவரத்துக்கே வந்தது. தமிழக இந்து சமய அறநிலையத்துறை 2022-23-இல் இராமேசுவரத்திலிருந்து காசிக்கு இருநூறு பேரை இலவசமாக அழைத்துச் சென்றது. அறுபது முதல் எழுபது வயது வரை, உடற்தகுதிக்கு மருத்துவச் சான்றுடன் என்பது நிபந்தனை. நல்ல பணி, ஐயமில்லை. நிபந்தனையின் காரணமும் விளங்குகிறது. நடந்து போகிறவர் பின்தங்கினால் அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். இரயில் யாருக்காகவும் நிற்காது. ஆனால் 1801-இல் நோய் என்பது யாத்திரையின் ஒரு கட்டமாக இருந்தது. இன்று அது யாத்திரைக்குத் தடையாகிவிட்டது. எழுபது கடந்த என் தாயாரைப் போன்றவர்கள் அந்த வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

முதியோரின் பயணத்தைத் திட்டமிடுவோர் எத்தனை தலங்கள் என்று எண்ணுகிறார்கள். நம் முன்னோர் எத்தனை தங்கல்கள் என்று எண்ணினார்கள். வேகம் கூடியதால் மிச்சமான நாள்களை இளைப்பாறக் கொடுத்திருக்கலாம். நாமோ அவற்றில் மேலும் தலங்களைச் செருகினோம்.

அந்த நிரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசி ஒன்று மட்டும், எட்டு நாள், தரைத்தளத்தில் ஓர் அறை என்று முடிவு செய்தோம். இரண்டாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்திருந்தார். ஆறாம் நாள் கங்கையில் நீராடினார். ஐந்து இரவுத் திட்டமாக இருந்திருந்தால் அன்று அவர் இரயிலில் இருந்திருப்பார்.