கச்சேரி கேட்டல்

கச்சேரி கேட்டல்: கர்நாடக சங்கீத வித்துவான்கள் பக்கவாத்தியங்களுடன் மேடையில் அமர்ந்து பாடுவதையோ வாசிப்பதையோ, அதன்பொருட்டே கூடிய சபையில் நேரில் இருந்து அநுபவிக்கும் வழக்கம். இது மிகத் தொன்மையானதென்று பலர் கருதினும், கட்டணம் செலுத்தி, குறித்த நேரத்திற்கு வந்து, வரிசையாக இட்ட நாற்காலியில் அமர்ந்து கேட்கும் இன்றைய உருவில் அதற்கு நூற்றைம்பது ஆண்டு வயதுகூட ஆகவில்லை. சங்கீத சரித்திரத்தைப் பாடினவர்களின் பெயர்களைக் கொண்டே எழுதுவது நம்மவர் சம்பிரதாயம். ஆயினும் கச்சேரியின் நீளமும், உருப்படிகளின் வரிசையும், பாட்டின் பாஷையும் காலத்துக்குக் காலம் மாறியதற்குக் கேட்டவர்களே பெரிதும் காரணமாக இருந்தனர் என்பது இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்குப் புலப்படும்.

பழைய நூல்களிலும் சாஸனங்களிலும் அரங்கைப்பற்றியும் கலைஞரைப்பற்றியும் செய்தி மிகுதி, கேட்டவரைப்பற்றியோ அருமை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு பிசகாமல் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இவற்றிலெல்லாம் கேட்பவன் அரசன், அல்லது ஆண்டவன். பிராகாரத்தில் நின்ற குடியானவன் காதிலும் அந்தப் பதிகம் விழுந்ததா என்பதைக் கல்லில் பொறித்தவர்கள் பொருட்படுத்தவில்லை.

தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆதரவில் சங்கீதம் செழித்திருந்த காலத்திலும், வித்துவானுக்கு எதிரே இருந்தவர்கள் அரசரும், அரண்மனை உத்தியோகஸ்தரும், போட்டிக்கு வந்த பிற வித்துவான்களுமே. அத்தகைய சதஸில் ஒரு பல்லவியை மணிக்கணக்காக விரித்துப் பாடி எதிரியை மடக்குவதே பெருமையாக எண்ணப்பட்டதில் வியப்பில்லை; கேட்டவர்களும் அந்தக் கணக்கறிந்தவர்களாகவே இருந்தனர். இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், அந்த ஆதரவு நின்று போயிற்று. வித்துவான்களுள் சிலர் மைசூர், திருவிதாங்கூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சமஸ்தானங்களை நாட, வேறு சிலர் தனவந்தர்கள் மிகுந்த சென்னைப் பட்டினத்தை நாடினர். பின்னர் வந்த மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) போன்றோருடைய பாட்டைச் சாமானிய மக்கள் கேட்கும் வாய்ப்பு, பெரும்பாலும் கல்யாணப் பந்தலிலும் உற்சவத்திலுமே வாய்த்தது. பந்தலில் கேட்டவன் விருந்தாளி. பாடகருக்குச் சன்மானம் அளித்தவர் பெண்ணைப் பெற்றவர். ஆதலின் பாட்டு நன்றாயில்லை என்று முணுமுணுக்க அவனுக்கு உரிமை கிடையாது.

அந்த உரிமையை அவனுக்கு வழங்கியவை சபைகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தோன்றத் தொடங்கிய இச்சபைகள், ஓர் அரசனோ ஜமீன்தாரோ அளித்ததைப் பல உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு திரட்டின. வக்கீல்களும், குமாஸ்தாக்களும், உபாத்தியாயர்களும் இவ்வாறு கூட்டாகப் புரவலராயினர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி ஸ்வாமி சபை, இன்றும் இயங்கிவரும் சபைகளுள் மிகப் பழமையானதாகப் போற்றப்படுகிறது. அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் ஆர்மீனியன் தெருவில் எழுந்த கோகலே மண்டபம், அரசியற் சொற்பொழிவுக்கும் சங்கீதத்துக்கும் ஒருங்கே இடமளித்தது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு ஆண்டு ஆகஸ்டில் சென்னை சங்கீத வித்வத் சபை தொடங்கப் பெற்றது. மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபையும் இந்திய நுண்கலைக் கழகமும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தோன்றின. கோர்ட்டுகளுக்கும் கலாசாலைகளுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்த டிசம்பர் மாதமே சங்கீத காலமாக நிலைத்தது. மார்கழியின் புண்ணியத்தோடு துரைத்தனத்தாரின் விடுமுறைப் பட்டியலும் இதில் பங்கு கொண்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

சீட்டு வாங்கி வந்தவன் நாழிகையைப் பார்ப்பவன். அவனுக்கு வீடு திரும்ப டிராம் வேண்டும், மறுநாள் ஆபீசும் உண்டு. இந்தப் புதிய ரசிகனின் நாடியைத் தெளிவாக உணர்ந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனங்களால் களை கட்டச் செய்து, விஸ்தாரமான ராகத்தையும் பல்லவியையும் நடுவில் அளவோடு நிறுத்தி, பதம், ஜாவளி, திருப்புகழ் முதலிய துக்கடாக்களால் இனிமையாக முடிக்கும் அவருடைய பத்ததி, பல ருசிகளை வரிசையறிந்து பரிமாறும் விருந்தைப் போன்றது. கணக்கறியாதவனும் அலுப்பின்றி இருக்க அதில் இடமிருந்தது. அது இன்றளவும் பெரும்பாலோரால் பின்பற்றப்படுகிறது. ஒலிபெருக்கி வந்தபின், கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்பதற்காகவே உச்ச சுருதியில் பாடிய நிர்ப்பந்தம் நீங்கிற்று. மெல்லிய சாரீரங்களும் மேடையில் நிலைத்தன. ஆனால் மேடையின் ஒலி பெருகப் பெருக, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் பழக்கம் தேய்ந்தது என்ற குறையும் இதனோடு சேர்ந்தே வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு கேள்வி முறையும் அதே பட்டினத்தில் இருந்தது. ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் இல்லத்தில் வாசிக்க, பெரிய வித்துவான்களும் தேர்ந்த ரசிகர்களும் ஓசைப்படாமல் வந்து அமர்ந்து கேட்டுச் சென்றனர். காவிரிக் கரையிலோ கேள்வி தெருவுக்கே உரியது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே கேட்டவர்களுக்கு டிக்கெட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவர்களுடைய ஞானம் நகரத்து முன்வரிசையின் ஞானத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பது எமது துணிபு.

கேட்பவர், தமக்கு விளங்கும் மொழியில் பாட்டு வேண்டும் என்று கோரியது அடுத்த பெரிய திருப்பம். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய மகாநாட்டில் வேகம் பெற்ற தமிழிசை இயக்கத்துக்குக் கல்கியும் இராஜாஜியும் டி.கே.சி.யும் துணை நின்றனர். பாஷையைக் காட்டிலும் சங்கீதத்தின் தரமே பெரிதென்று மறுத்தோரும் உளர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. வாதம் தணிந்தபின் பார்த்தால், தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியில் கௌரவமான இடம் பெற்றிருந்தன; சங்கீதத்துக்கும் நஷ்டம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்கள், கச்சேரியைப்பற்றிப் பேசுவதையும் கச்சேரி கேட்பதன் ஒரு பகுதியாக்கின.

1938-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையமும், பின்னர் ஒலிநாடாவும், இணையமும் கேள்வியை வீட்டுக்குள் கொணர்ந்தபோதிலும், சபைகள் மூடப்படவில்லை. கடல் கடந்த தமிழரும் இவ்வழக்கத்தைக் கைவிடாமையால், அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருகிறது. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இன்றைய மார்கழியில் புகழ்பெற்றோரின் மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு அரிது. இளையவர்கள் பாடும் பிற்பகல் கச்சேரிகளுக்கோ, பல சபைகளில் அநுமதி இலவசமாயிருந்தும், கூட்டம் சொற்பம். புதிதாகக் கேட்கப் புகுவோர் அப்பிற்பகல்களிலேயே தொடங்குதல் நன்று. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து சிற்றுண்டிச் சாலைக்குச் செல்லும் வழக்கத்தை மட்டும் மூத்த ரசிகர்களிடமிருந்து கற்றுக்கொள்ளாதிருப்பார்களாக.